ரேடியேட்டர் மூடி கோளாறு, கூலன்ட் கசிவு: அறிகுறி பார்த்துத் தேடும் வழி

வண்டி ஹீட் ஆகிறது என்று கொண்டுபோய் நிறுத்தினால் பல ஒர்க்‌ஷாப்களில் பேச்சு நேராக ரேடியேட்டரை மாற்றுவதில் ஆரம்பிக்கும், அங்கிருந்து வாட்டர் பம்ப், அப்புறம் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) என்று பில் ஏறிக்கொண்டே போகும். மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற அந்த மூடிதான் மொத்த கூலிங் சிஸ்டத்தின் அழுத்தத்தையும் பிடித்து வைத்திருக்கிறது, அது தளர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் புதிதாக இருந்தாலும் வண்டி கொதிக்கும். அதனால் கூலன்ட் (என்ஜினைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுக்கும் திரவம்) குறைகிறது, வண்டி சூடாகிறது என்ற எந்தப் புகாராக இருந்தாலும் மூடியிலிருந்து தேடத் தொடங்குங்கள். அதே சமயம் மூடியோடு நின்றுவிடவும் கூடாது, மூடி கெட்டதுபோலவே தெரிந்து வேறு இடத்தில் பெரிய கோளாறு இருக்கிற வண்டிகளும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மனதில் வைத்துச் சொல்வது மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்ட்டோ, சான்ட்ரோ, குவாலிஸ் மாதிரி ரேடியேட்டரின் வாயிலேயே அழுத்த மூடியும், பக்கத்தில் தனியாக ஒரு பிளாஸ்டிக் ரிசர்வ் டேங்கும் உள்ள வண்டிகள். போலோ மாதிரி வண்டிகளில் ரேடியேட்டரில் மூடி இருக்காது, உருண்டையான பிளாஸ்டிக் டேங்கின் திருகு மூடிதான் அழுத்தத்தைப் பிடிக்கும், அந்த டேங்கே அழுத்தத்துக்குள்தான் இருக்கும். அவற்றில் டேங்கில் தெரிகிற அளவுதான் உண்மையான அளவு. மற்றபடி கசிவு தேடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் கை பத்திரம்

சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம். மூடி திறந்த மறுநொடி அழுத்தம் போய்விடும், மொத்தமும் கொதித்து ஆவியோடு முகத்துக்கு வரும். துணி போட்டுத் திறந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அந்தத் துணி நனைந்து கையோடு ஒட்டிக்கொண்டால் காயம் இன்னும் மோசமாகும். குறைந்தது முக்கால் மணி நேரம் விடுங்கள். பிறகு மேல் ஹோஸை, அதாவது ரேடியேட்டரின் மேல்பக்கத்தையும் என்ஜினையும் இணைக்கும் தடித்த ரப்பர் குழாயை, அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் அழுத்தம் இன்னும் இருக்கிறது, காத்திருக்க வேண்டியதுதான். தளர்ந்திருந்தால் தடித்த துணியை மூடிமேல் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கீழே அமுக்காமல் மெதுவாகத் திருப்புங்கள், முதல் தடையில் நிற்கும். அங்கே உஸ் என்று சத்தம் வந்தால் அது முழுக்க அடங்கும்வரை கையை எடுத்துவிடுங்கள், அப்புறம்தான் அமுக்கித் திருப்பி எடுக்க வேண்டும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும், விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மூடிக்குள் என்ன இருக்கிறது

கழற்றித் திருப்பிப் பாருங்கள். ஒரு பெரிய ஸ்பிரிங், அதன் நுனியில் ஒரு ரப்பர் வளையம். இதுதான் அழுத்த வால்வு, ரேடியேட்டர் வாயின் உள்ளே இருக்கும் விளிம்பில் போய் உட்காரும். அதன் நடுவில் சின்னதாக ஒரு உலோக வில்லை இருக்கும், அது வெற்றிட வால்வு. மேலே, மூடியின் தகட்டை ஒட்டி இன்னொரு சீல், அது ரேடியேட்டர் வாயின் மேல் விளிம்பை அடைக்கிறது. இந்த இரண்டு சீலுக்கும் நடுவில்தான் ரிசர்வ் டேங்குக்குப் போகும் சின்னக் குழாய் தொடங்குகிறது. இந்த அமைப்பு மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் பாதி அறிகுறிகளுக்கு நீங்களே காரணம் சொல்லிவிடுவீர்கள்.

என்ஜின் சூடாகும்போது கூலன்ட் விரியும், அழுத்தம் ஏறும். மூடிக்குக் குறித்த அளவைத் தாண்டினால் ஸ்பிரிங் மேலெழும்பி, உபரி கூலன்ட் ரிசர்வ் டேங்குக்குப் போகும். வண்டி ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும், நடுவில் உள்ள வில்லை திறந்து, போன கூலன்ட் திரும்ப உறிஞ்சப்படும். போவதும் வருவதும் ஒவ்வொரு பயணத்திலும் நடக்க வேண்டும்.

மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும், ஏறக்குறைய பார் கணக்கு. சிலவற்றில் 88, 108 என்று கிலோபாஸ்கலில் இருக்கும், இரண்டும் ஒன்றுதான். குக்கர் வெயிட் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. சமவெளியில் வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், 0.9 மூடி நன்றாகப் பிடித்தால் அதே தண்ணீர் சுமார் 118 டிகிரிவரை தாங்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் அதற்கும் மேலே போகும். ஃபேன் பல வண்டிகளில் 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேதான் சுற்றத் தொடங்கும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். மூடி பிடிக்கவில்லை என்றால் ஃபேன் ஓடத் தொடங்குவதற்கும் தண்ணீர் கொதிப்பதற்கும் இடையில் சில டிகிரிதான் மிச்சம்.

ரிசர்வ் டேங்க் நிரம்பி வழிகிறது, வண்டியை அணைத்ததும் கொடகொடவென்று சத்தம்

மூடி தளர்ந்ததற்கு நான் முதலில் பார்க்கிற அடையாளம் இது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது, நிறுத்தி அணைத்தவுடன் பம்ப் நின்றுபோய் என்ஜின் தலையின் சூடு அங்கேயே தேங்கும், கூலன்ட்டின் வெப்பம் கொஞ்ச நேரம் இன்னும் ஏறும். நல்ல மூடி அதை அடக்கி வைத்திருக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியோ, ரப்பர் இறுகிப்போன மூடியோ அதை விட்டுவிடும், உள்ளே ஆங்காங்கே ஆவி உண்டாகி, தேவைக்கு மேலே கூலன்ட்டை ரிசர்வ் டேங்குக்குத் தள்ளும், டேங்க் நிரம்பித் தரையில் ஊற்றும். ஆறிய பிறகு அதில் கொஞ்சம்தான் திரும்பி வரும். இப்படி நாளுக்கு நாள் குறையும்.

உறுதி செய்ய, வண்டி ஓடி வந்து நின்றதும் மேல் ஹோஸைத் துணி சுற்றி அமுக்குங்கள். நல்ல சூட்டில் அது விறைப்பாக இருக்க வேண்டும். முழுச் சூட்டிலும் தொளதொளவென்று இருந்தால் அழுத்தம் எங்கோ போகிறது, மூடி வழியாகவோ கசிவு வழியாகவோ. வெளியே ஈரம் எதுவும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் மூடிதான்.

இதே வழிதல் ஹெட் கேஸ்கெட் போனாலும் வரும், இங்கேதான் கவனம் வேண்டும். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. மூடிக் கோளாறில் குமிழி சூடான பிறகுதான் வரும். கேஸ்கெட் போயிருந்தால் எரிந்த வாயு நேராகக் கூலன்ட்டுக்குள் புகும், அதனால் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே, தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகாதபோதே ஹோஸ் கல்லாக விறைக்கும், ரிசர்வ் டேங்கில் குமிழி நிற்காமல் வரும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஹோஸ் விறைப்பாகவே இருப்பதும் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது.

காலையில் பார்த்தால் மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கிறது

பார்க்கவே பயமாக இருக்கும், ஹோஸ் மட்டமானது என்று சொல்லி மாற்றியும் விடுவார்கள், புது ஹோஸும் இரண்டு நாளில் சப்பிவிடும். வண்டி ஆறும்போது உண்டான வெற்றிடம் நிரம்ப வழி இல்லாததால் வெளிக்காற்று ஹோஸை அமுக்கியிருக்கிறது. நடுவில் உள்ள வெற்றிட வால்வு ஒட்டிக்கொண்டதே பெரும்பாலும் காரணம். உப்புத் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் இது சகஜம்.

மூடியைக் கழற்றி அந்தச் சின்ன வில்லையை நகத்தால் மெல்ல இழுங்கள். சுலபமாகக் கீழே வந்து, விட்டதும் தானாகத் திரும்பி உட்கார வேண்டும். கெட்ட மூடியில் வில்லை அசையாது, ஓரத்தில் வெள்ளையாக உப்பு இறுகியிருக்கும், சில சமயம் மணல் மாதிரி ஒரு துகள் இடுக்கில் மாட்டியிருக்கும். கழுவினால் இன்றைக்கு வேலை செய்யும், ஆனால் நான் அந்த மூடியை நம்பி வெளியூர் போக மாட்டேன். மூடி நன்றாக இருந்தும் ஹோஸ் சப்பினால் ரிசர்வ் டேங்குக்குப் போகும் குழாயைப் பாருங்கள். எங்காவது மடிந்திருக்கும், அல்லது டேங்கின் அடியில் சேறு படிந்து குழாயின் வாய் அடைத்திருக்கும். குழாயை இரண்டு பக்கமும் கழற்றிச் சைக்கிள் பம்பால் காற்று அடித்தால் தெரிந்துவிடும். வாயால் ஊதாதீர்கள், கூலன்ட் விஷம்.

ரிசர்வ் டேங்க் நிறைந்தே இருக்கிறது, ஆனால் ரேடியேட்டர் காலி

என்ஜின்களைக் கொல்வது இந்த நிலைதான். பானட்டைத் திறந்து டேங்கைப் பார்த்துவிட்டு, கூலன்ட் இருக்கிறது என்று மூடிவிடுகிறோம். டேங்கில் அளவு அசையாமல் இருந்தால் அது நல்ல செய்தி இல்லை, போய்வர வேண்டிய கூலன்ட் போய்வரவில்லை என்றுதான் பொருள். மூடியின் மேல் சீல் கெட்டிருந்தால் ஆறும்போது டேங்கிலிருந்து கூலன்ட்டை இழுப்பதற்குப் பதிலாக அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கும். ரிசர்வ் குழாயில் விரிசல் இருந்தாலும், குழாய் டேங்கின் அடிவரை போகாமல் பாதியில் நின்றாலும், ரேடியேட்டரிலேயே மயிரிழைக் கீறல் இருந்தாலும் இதே கதைதான். சூட்டில் அதன் வழியே கூலன்ட் வெளியே போகும், ஆறும்போது காற்று உள்ளே வரும், டேங்க் மட்டும் எப்போதும் நிறைந்தே தெரியும்.

காசே செலவில்லாத ஒரு சோதனை உண்டு. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி, ரிசர்வ் டேங்கில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். ஃபேன் இரண்டு மூன்று முறை ஓடி நிற்கும் அளவுக்கு வண்டியை ஓட்டிவிட்டு வந்து, ஏறிய இடத்தில் இன்னொரு கோடு. மறுநாள் காலை பாருங்கள். முதல் கோட்டுக்குத் திரும்பியிருந்தால் மூடியும் குழாயும் சரி. மேலேயே நின்றால் திரும்ப இழுக்கவில்லை. முதல் கோட்டுக்கும் கீழே போயிருந்தால் கசிவு இருக்கிறது. முதல் தடவை உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறிக் கொஞ்சம் குறையலாம், அதனால் ஒருமுறை நிரப்பிவிட்டு மறுபடி செய்து பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

மூடியைச் சுற்றி வெள்ளையாக, பச்சையாகப் பொருக்கு

மேல் சீல் வழியாகக் கூலன்ட் வெளியே வந்து காய்ந்த தடம். மூடியின் சீல்களை விரலால் தடவிப் பாருங்கள், நல்ல ரப்பர் நகத்துக்கு அமுங்கும், கெட்டது பிளாஸ்டிக்காக இறுகியிருக்கும். ரேடியேட்டர் வாயின் விளிம்பு பட்ட இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். லேசான தடம் பரவாயில்லை, நகம் மாட்டுகிற ஆழத்துக்குப் பள்ளம் இருந்தால் மூடி முடிந்தது.

மூடியைப் பார்க்கிறவர்கள்கூட அது உட்காரும் இடத்தைப் பார்ப்பதில்லை. டார்ச் அடித்து ரேடியேட்டர் வாயின் உள் விளிம்பைப் பாருங்கள். உப்பு படிந்திருந்தால் நனைந்த துணியால் துடைத்தெடுங்கள், ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகப் புது மூடியும் ஒழுகும். மூடியின் காதுகள் மாட்டும் விளிம்பு வளைந்திருந்தாலும் மூடி இறுக உட்காராது. சிலர் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மூடிக்கு அடியில் வைத்து ஓட்டுவார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது இரண்டு வால்வையும் சேர்த்து அடைத்துவிடும், அழுத்தம் விடுபட வழி இல்லாமல் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கோ ஹோஸோ வெடிக்கும்.

ஊருக்குள் ஒன்றுமில்லை, மலை ஏறினால் கொதிக்கிறது

ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடான பிறகே கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) என்று காரணம் பல இருக்கலாம், ஆனால் மூடியை மறக்க வேண்டாம், மலையில் மூடியின் வேலை இரட்டிப்பாகிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 மூடி சரியாகப் பிடித்தால் அங்கேயும் 115 டிகிரிவரை தாங்கும். மூடி பிடிக்காத வண்டியில், ஃபேன் சுற்ற வேண்டிய வெப்பமும் தண்ணீர் கொதிக்கிற வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அதுவும் ஐந்து பேரை ஏற்றி, ஏசி போட்டு, முதல் கியரிலும் இரண்டாவதிலும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் மாதக்கணக்கில் தெரியாத மூடிக் கோளாறு மலைப் பாதையில் தெரிவதற்கு இதுதான் காரணம். மலைக்குப் போகுமுன் டயர் காற்று பார்க்கிறோம், பிரேக் பார்க்கிறோம், மூடியையும் பார்த்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டால் சூடாகாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். என்ஜின் சரியான வெப்பத்துக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், மூடியின் கோளாறும் அப்படியே இருக்கும். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் புதிது போடுவதுதான் தீர்வு.

புது மூடி போட்ட பிறகு கசிவு ஆரம்பித்துவிட்டது

புது மூடியைத் திட்டாதீர்கள். பழைய மூடி அழுத்தமே பிடிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்ததால் சிஸ்டத்தில் பலவீனமான இடங்கள் வெளியே தெரியவில்லை. இப்போது முழு அழுத்தம் வந்ததும் விரிசல் விட்ட ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் மடிப்பு, இவற்றில் எது பலவீனமோ அது ஒழுகும். இதைப் பார்த்துவிட்டுப் பழைய மூடியையே திரும்பப் போட்டு, இப்போது ஒழுகவில்லை என்று நிம்மதி அடைபவர்கள் அடுத்த நீண்ட பயணத்தில் சூட்டில் என்ஜின் தலையை (ஹெட்டை) வளைத்துக்கொள்வார்கள். புது மூடி அப்படியே இருக்கட்டும், அது காட்டிக்கொடுத்த இடத்தைச் சரிசெய்யுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, தவறான மூடி. 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் இன்னும் நன்றாகக் குளிரும் என்று கடையில் சொன்னால் வாங்க வேண்டாம். மூடியால் என்ஜின் குளிர்வதில்லை, கொதிநிலைதான் உயர்கிறது. கூடுதல் அழுத்தத்தைப் பழைய பிளாஸ்டிக் டேங்கும் டாஷ்போர்டுக்குள் கூலன்ட் ஓடும் ஹீட்டரும் தாங்காது. குறைந்த எண்ணும் வேண்டாம். எண் சரியாக இருந்தாலும் ஆழம் ஒத்துப்போக வேண்டும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்பிரிங் நுனியில் இருக்கும் ரப்பர் ஒரே நீளத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். குட்டையாக இருந்தால் ரப்பர் உள் விளிம்பைத் தொடவே தொடாது, மூடி மட்டும் அழகாக இறுகி உட்காரும். பழைய மூடியைக் கையோடு கொண்டுபோங்கள்.

வண்டிக்கு அடியில் ஈரம்

முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். இடதுபக்க முன் சீட்டுக்குக் கீழே தெளிந்த, வாசனை இல்லாத, விரலில் வழுவழுக்காத தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர், கவலை வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தோடு, விரலில் தேய்த்தால் வழுக்கலாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற வண்டியில் இந்த அடையாளம் கிடைக்காது, ஏசி போடாமல் ஓட்டிவிட்டுப் பாருங்கள். இரவில் அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து வைத்தால் எந்த இடத்தில் சொட்டுகிறது என்று காலையில் தெளிவாகத் தெரியும். ஆனால் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருக்காது, மேலே எங்கோ கசிந்து ஓடி வந்து ஒரு போல்ட்டின் நுனியில் சொட்டும். எப்போதும் மேலே நோக்கித் தேடுங்கள்.

குளிர்ந்திருக்கும்போது சொட்டி, சூடானதும் நின்றுவிடுகிறதா? ஹோஸ் முனையைப் பாருங்கள். உலோகமும் ரப்பரும் சுருங்கி இடைவெளி விடுகிறது. கிளாம்பை இன்னும் இறுக்கு என்று சொல்லத் தோன்றும், ஆனால் திருகு கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கினால் ஹோஸை அறுத்துவிடும். ஹோஸைக் கழற்றி, குழாய் முனையில் படிந்த உப்பைத் துடைத்து மறுபடி போடுவதே சரி. வெதுவெதுப்பில் ஒன்றுமில்லை, நல்ல சூட்டில் மட்டும் ஒழுகுகிறது என்றால் ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் டேங்க். பழையதாகிப் பழுப்பேறிய டேங்கில் ஹோஸ் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மயிரிழைக் கீறல் விழும், ஆறிப்போனால் கண்ணுக்கே தெரியாது. அங்கே எம்-சீல் மாதிரி பசை அப்புவதால் பயனில்லை, சூட்டில் விரிந்து சுருங்கும் பிளாஸ்டிக்கில் அது நிற்காது.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சீல் போனால் கசிவு வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே விட்ட ஓட்டை அது, அடைத்துவிடாதீர்கள். அதிலிருந்து கோடு போட்டதுபோல் நிறம் வடிந்திருந்தால், கூடவே பெல்ட் பக்கம் கரகரவென்ற சத்தமும் இருந்தால், பம்பை மாற்றும் நேரம். டைமிங் பெல்ட் ஓட்டுகிற பம்ப் என்றால் பெல்ட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான். ஹீட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ்களையும், பழைய வண்டிகளில் என்ஜின் ஓரமாக ஓடும் இரும்புக் குழாயையும் விட்டுவிடாதீர்கள், அந்தக் குழாய் துருப்பிடித்து ஊசிமுனை ஓட்டை விழும்.

கண்ணால் பிடிபடவில்லை என்றால் பிரஷர் டெஸ்ட்தான். ரேடியேட்டர் வாயில் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுவரை காற்று ஏற்றுவார்கள், அதற்கு மேலே போகவிடாதீர்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கசிவை வெளியே கொண்டுவருவதுதான் இதன் அருமை. கால் மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் டார்ச்சோடு உட்கார்ந்து பாருங்கள், முதலில் மடிப்பில் ஒரு மினுமினுப்பு வரும், அது திரண்டு துளியாகும், துளி விழுந்ததும் அடுத்தது அதே இடத்தில் திரளும். அந்த இடத்துக்குச் சாக்பீஸால் குறி போட்டுவிடுங்கள். அதே கருவியில் மூடியையும் மாட்டிச் சோதிக்கலாம், குறித்த அளவில் திறந்து, அதற்குச் சற்றுக் கீழே பிடித்து நிற்க வேண்டும். சோதிக்காமலேயே மூடி நன்றாக இருக்கிறது என்று சொன்னால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கும் ஈரம் இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது

காருக்குள் இடதுபக்கக் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டை அமுக்கிப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால், கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் இருந்தால், டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கசிகிறது.

அதுவும் இல்லை, மூடியும் சரி என்றால் கூலன்ட் என்ஜினுக்குள் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த டீ நிறத்தில் கூழ், ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் வெளுத்திருப்பது, இவை அடையாளங்கள். தினமும் மிகக் குறுகிய தூரமே ஓடுகிற வண்டியில் ஈரப்பதத்தாலேயே ஆயில் மூடியில் கொஞ்சம் கூழ் படியும், அதை மட்டும் வைத்து ஹெட்டைத் திறக்கச் சம்மதிக்காதீர்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம் ஒன்று உண்டு, எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாக மாறும். ஹெட் வேலைக்குப் பணம் கட்டுமுன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

வழியில் கொதித்துவிட்டால்

டாஷ்போர்டில் என்ஜின் வெப்பம் காட்டும் முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து புளோயரை முழு வேகத்தில் விடுங்கள், வியர்த்துக் கொட்டும், ஆனால் என்ஜினின் சூடு கொஞ்சம் அந்த வழியாகப் போகும். ஆவி தெரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே அணைத்துவிடுங்கள். உச்சத்தில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் ஆறிவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது, சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீரே இல்லை என்று அர்த்தம், ஒரு மீட்டர்கூட நகர்த்தாதீர்கள். என்ஜின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். முழுக்க ஆறிய பிறகு திறந்து, கையில் இருக்கும் குடிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம், ஆபத்துக்குப் பாவமில்லை. மூடிதான் போயிருக்கிறது என்றால் ஏசி இல்லாமல், மெதுவாக, அடிக்கடி நிறுத்திப் பார்த்து அடுத்த ஊர்வரை போய்விடலாம். ஹோஸ் கிழிந்திருந்தால் இழுத்துக்கொண்டு போவதுதான் மலிவு.

திரும்ப நிரப்பும்போது

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், மூடியின் வால்வில் படிகிற உப்பு அங்கிருந்துதான் வருகிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் போதும், அதோடு உங்கள் வண்டியின் மேனுவலில் சொன்ன வகைக் கூலன்ட்டைக் கலக்குங்கள், அல்லது கலந்தே வரும் பாட்டிலை வாங்குங்கள், அதில் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது. நிறம் ஒன்று என்பதால் வகையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஊரில் உறையவா போகிறது, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருப்பிடிக்காமல் காப்பதற்கும் கொதிநிலையை ஏற்றுவதற்கும் இங்கேதான் அதிகம் தேவை.

கசிவை அடைக்க மஞ்சள்தூள் போடுவது லாரிக்காரர்களின் பழைய வழக்கம், பாட்டிலில் விற்கும் கசிவு அடைப்பானும் அதே வகைதான். ஓட்டையோடு சேர்த்து ரேடியேட்டரின் நுண்குழாய்களும் ஹீட்டரும் அடைபடும். நடுக்காட்டில் வேறு வழியே இல்லை என்றால் ஒழிய வேண்டாம்.

நிரப்பும்போது வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் மேடாக இருக்கட்டும். குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்துவைத்து நிரப்பி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிடுங்கள். மேல் ஹோஸை இடையிடையே அமுக்கிவிட்டால் மாட்டியிருக்கும் காற்று குமிழியாக வரும், அளவு இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு சட்டென்று ஒருமுறை இறங்கும், அதையும் நிரப்பி, குமிழி நின்றதும், பொங்கி வருமுன் மூடியைப் போட்டுவிடுங்கள். ரிசர்வ் டேங்கில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். மறுநாள் காலை குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து வாய்வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவில் ஊற்றிவிட்டுப் போகாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய் செத்துவிடும். கேனில் பிடித்து இறுக மூடி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள், தரையில் சிந்தியதையும் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுங்கள்.